இடது ஆறு, வலது ஐந்து

“வேற கம்பெனி செருப்பு இருக்கா?”

அவ்வளவுதான் கேட்டாள். கொட்டுகிற மழையில் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு படியேறி வந்தவள், செருப்புக்கடையில் வேறென்ன கேட்பாள்? ஆனால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருட்டென்று எழுந்து நின்றான்.

“இங்கே எங்கள் நிறுவனத் தயாரிப்புகள் மட்டுமே விற்கப்படும் மேடம். மற்ற நிறுவனங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. நன்றி.”

சொன்னான் என்பதைவிட ஒப்பித்தான் என்பதே சரி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளை நிறுத்தாமல் சொல்லிவிட்டு உட்காருவார்களே, அப்படி.

அவள் அவனையே பார்த்தாள். நெற்றியிலிருந்து வழிந்த மழைத்துளி ஒன்று இமை நுனியில் வந்து நின்றது. இமைத்தால் விழுந்துவிடும்... அவள் இமைக்கவேயில்லை.

“என்ன சார் இது? செருப்புதானே கேட்டேன்... உங்க சொத்தை எழுதியா கேட்டேன்?”

“மேடம், எங்க கம்பெனியிலயே எல்லா மாடலும் இருக்கு...”

“இதுவும் உங்க கம்பெனிதான்!” அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள். “வாங்கின நாள்ல இருந்து இடது காலைக் கடிக்குது. இன்னைக்கு வாரும் அறுந்துபோச்சு. இந்தத் தெருவுல எந்தக் கடைக்குப் போனாலும் இதே போர்டு, இதே செருப்பு. வேற இருக்கான்னு கேட்டா ஏன் எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?”

அவன் முழித்ததற்குக் காரணம் இருந்தது. கம்பெனி அவ்வப்போது தன் ஆட்களை வாடிக்கையாளர் வேஷத்தில் கடைகளுக்கு அனுப்பும். அவர்கள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் பாவம், “இருக்கே!” என்று சிரித்த முகத்தோடு எடுத்துக் காட்டினார். அடுத்த வாரம் அவர் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடையில் இன்னொருவரும் இருந்தார். மூலை நாற்காலியில், முழங்கால்களுக்கு நடுவே குடையை இடுக்கிக்கொண்டு, பழுப்பு நிற ஷூ ஒன்றைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. மழைக்கு ஒதுங்கினவர் என்று யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

‘இவ நிச்சயம் கம்பெனி ஆளுதான்...’ என்று நினைத்துக்கொண்டே அவன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். அது அவன் பழக்கம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பான். பல பேருடைய முகத்தைக் கடைசிவரை பார்க்கவே மாட்டான். அவளுடைய இடது குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நடிக்க வந்தவளுக்கு ரத்தமா வரும்?

அவன் மனசு கேட்கவில்லை. சட்டென்று கல்லாவுக்கு அடியில் கையை விட்டு, பெயர் போடாத ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தான். உள்ளே எதையோ தேடினான், மாற்றினான், எடுத்து அவள் முன்னால் வைத்தான். மெத்தென்ற பட்டையும் அகலமான முன்பக்கமும் கொண்ட ஒரு ஜோடி.

“போட்டுப் பாருங்க. சீக்கிரம்.”

போட்டாள்... நாலடி நடந்து வந்து நின்றாள். இடது கால் எங்கேயும் இடிக்கவில்லை. வலது கால் எங்கேயும் ஆடவில்லை. காலில் செருப்பு இருக்கிறது என்பதே தெரியாமல் நிற்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“இது எவ்வளவு?”

“விக்க முடியாது மேடம். பில் மெஷின் கம்பெனியோடது. அதுக்கு இந்தச் செருப்பைத் தெரியாது. மழை விட்டதும் கொண்டுவந்து கொடுத்துடுங்க.”

“கொண்டுவராம ஓடிட்டா?”

“இந்தச் செருப்புல நல்லா ஓடலாம் மேடம். அதான் எனக்கும் பயமா இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க இன்னும் என் முகத்தையே பார்க்கலையே சார்! நாளைக்கு வந்தா எப்படி அடையாளம் தெரியும்?”

“கால் தெரியும்.”

அதையும் தரையைப் பார்த்தே சொன்னான். அவள் படியிறங்கினாள். மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது... ஏனோ அவளுக்கு அவசரமே இல்லை. தேங்கிய தண்ணீரில் வேண்டுமென்றே கால் வைத்து நடந்தாள்.

*

அவளுக்கு அலுவலகத்தில் ‘கமா’ என்று பெயர். எந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தாலும் ஒவ்வொரு கமாவிலும் நின்று யோசிப்பாள் என்பதால் சக அதிகாரிகள் வைத்த பெயர். பெரிய கம்பெனிகள் சேர்ந்துகொண்டு சின்னவர்களின் வழியை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிற போட்டி ஆணையத்தில் அவள் விசாரணை அதிகாரி. இதுவரை மற்றவர்களுக்குத் துணையாகத்தான் போயிருக்கிறாள். தனக்கே தனக்கென்று ஒரு வழக்குக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இயக்குநர் அம்மா அவளைக் கூப்பிட்டு ஒரு கோப்பை நீட்டினார்.

“கமா, இது உன்னோட வழக்கு. முழுசா உன்னோடது. கெடுத்துக்காதே.”

சந்தோஷத்தில் நின்றபடியே புரட்டினாள். ஒரு பெண், சின்னதாகச் செருப்புத் தொழிற்சாலை நடத்துகிறவர், புகார் கொடுத்திருந்தார். ஊரில் இருக்கிற பெரிய செருப்புக் கம்பெனி எல்லாக் கடைகளோடும் பிரத்தியேக ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவர்கள் செருப்பைத் தவிர வேறு எதையும் விற்கக்கூடாது, கடைக்குள் வைக்கவே கூடாது. மீறினால் கடை போய்விடும். போனபின் இரண்டு வருஷத்துக்கு இந்த ஊரில் வேறு செருப்புக்கடையும் வைக்க முடியாது. ‘என் செருப்பு மோசமென்று யாரும் சொல்லவில்லை, அதை வைக்க ஒரு அலமாரிதான் இல்லை’ என்று அந்தப் பெண் முடித்திருந்தார். கடைசியில் ஒரு வரி... என் தம்பியே அந்தக் கம்பெனியின் கடைதான் நடத்துகிறான், அவனாலேயே என் செருப்பை விற்க முடியவில்லை.

கடையின் முகவரியைப் படித்தாள். நேற்று மழையில் ஏறிய அதே கடை. மெல்லக் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பெயரில்லாத அந்தச் செருப்பு காலில் சமர்த்தாக இருந்தது.

“மேடம்... நேத்து மழையில இந்தக் கடைக்குத்தான் போனேன். செருப்பு அறுந்துபோச்சு. அவர் இதை இரவல் கொடுத்தார்.”

இயக்குநர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “செருப்பு இரவல் வாங்கறதெல்லாம் ஒரு ஈடுபாடா? இன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடு, கணக்கு தீர்ந்தது. ஆனா ஒண்ணு, விசாரணை அன்னைக்கு எழுந்து நின்னு வாயால சொல்லணும், ஞாபகம் இருக்கில்ல?”

ஞாபகம் இல்லாமலா? அந்த ஆணையத்தின் வழக்கம் அது. விசாரணை தொடங்குமுன் வழக்கில் கைவைத்த ஒவ்வொரு அதிகாரியும் எழுந்து, ‘இந்த வழக்கில் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் இல்லை’ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். எல்லோரும் வகுப்பில் வருகைப்பதிவுக்குக் குரல் கொடுப்பது போல முணுமுணுத்துவிட்டு உட்காருவார்கள். அந்த வாக்கியத்தைக் காதில் வாங்குகிறவர்கூட யாரும் கிடையாது.

*

அன்று மாலையே வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, இரவல் செருப்பைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் அவள் காலைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“வந்துட்டீங்களா மேடம்? ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்.”

அவள் தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவன் படித்தான். மறுபடி படித்தான். மலர்ந்த முகம் அப்படியே வெளிறிப்போனது.

“அப்போ... நேத்து வந்தது?”

“நேத்து எனக்கு எதுவும் தெரியாதுங்க. சத்தியமா.”

“செருப்பு தானா அறுந்துச்சா, இல்ல அதையும் ஆபீஸ்ல அறுத்துக் கொடுத்தாங்களா?”

சுருக்கென்று தைத்தது. ‘இவன் யார் என்னைச் சந்தேகப்பட?’ என்று பொத்துக்கொண்டு வந்தது கோபம். பையிலிருந்து செருப்பை எடுத்து டக்கென்று மேசையில் வைத்தாள்.

“இந்தாங்க உங்க செருப்பு. ரொம்ப நன்றி. இனிமே கேள்வி மட்டும்தான் கேட்பேன். சாட்சி சொல்வீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டேன். நீங்க வழக்குல ஜெயிச்சா கைதட்டுவாங்க. தோத்தா அடுத்த வழக்கைக் கையில எடுப்பீங்க. நான் தோத்தா ரெண்டு வருஷம் இந்த ஊர்ல ஒரு செருப்பைக்கூட விக்க முடியாது. எனக்கு வேற தொழில் தெரியாது மேடம்.” செருப்பை அவள் பக்கமே தள்ளினான். “இதையும் எடுத்துட்டுப் போங்க. இதை நான் வேற யாருக்குக் கொடுக்கிறது?”

“ஏன், நான் போட்டா தீட்டா?”

“இடது ஆறு, வலது அஞ்சு. யார் காலுக்குப் பொருந்தும்?”

அவளுக்குப் புரியவில்லை. செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். ஒன்றில் ஆறு... இன்னொன்றில் ஐந்து!

“உங்க இடது கால் வலது காலைவிடப் பெரிசு. வாழ்க்கை முழுக்க ஒரு கால்ல கடியும் ஒரு கால்ல தொளதொளப்புமா நடந்திருக்கீங்க. அதனால ரெண்டு ஜோடியைப் பிரிச்சுக் கொடுத்தேன்.” எரிச்சலோடு சொன்னவன் சற்று நிறுத்தினான். “எங்க தொழில்ல ஜோடியைப் பிரிக்கறது பெரிய தப்பு. மிச்சம் இருக்கறது எதுக்கும் உதவாது. அப்போ அது எனக்குத் தோணல.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்டில் அம்மாகூடச் சொன்னதில்லை. தானே அறிந்ததில்லை. ‘கால் வலிக்குது’ என்றால் ‘உனக்குச் செருப்பே சேராதுடி’ என்று சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கம். யாரென்றே தெரியாத ஒருவன், அதுவும் தன்னை உளவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, ஒரு பார்வையில் கண்டுபிடித்து, தன் தொழிலின் பெரிய தப்பையும் செய்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்...

“நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் மெதுவாக. “நீங்க சாட்சி சொன்னா ஜெயிப்போம்னு உறுதி கொடுக்க என்னால முடியாது. உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்ல முடியாது.”

அவள் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் போனாள். கொடுக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே இயக்குநர் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கமாவுக்குக் கமா நிற்கிறவள் இந்த ஒரு இடத்தில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போய்விட்டாள்.

*

அதன்பிறகு அந்தத் தெருவுக்கு எத்தனையோ முறை போனாள். கடைகடையாக ஏறி இறங்கினாள். எல்லாக் கடைக்காரர்களும் நாற்காலி போட்டார்கள், மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டார்கள். ஒப்பந்தம் என்று பேச்செடுத்தால் மட்டும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. வழக்கு நிற்காவிட்டால் ஊரில் உள்ள அத்தனை கால்களும் அதே கடியோடு நடக்கவேண்டியதுதான்.

அவன் கடை வழியாகத்தான் போகவேண்டும். அவன் உள்ளே கூப்பிடமாட்டான், அவளும் ஏறமாட்டாள். இரண்டு பேருக்கும் வீம்பு. ஆனால் அவள் வருகிற நேரத்தில் அவன் எப்படியோ வாசலில் நிற்பான். ஒருநாள் சாரல் பலமாக அடித்தபோது, யாருக்கோ செய்வது போல வாசல் கித்தானை முன்னால் இழுத்துவிட்டான். அவள் யாருக்கோ நன்றி சொல்வது போல அதனடியில் கொஞ்சநேரம் நின்றாள்.

இன்னொரு நாள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வலது பட்டை தளர்ந்திருக்கு. ஒரு ஓட்டை உள்ள தள்ளிப் போடுங்க.”

“கேள்வி கேட்டா மட்டும் பதில் வராது. கேட்காததுக்கெல்லாம் வரும்.”

“கேட்டீங்களே... அதுக்கு இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.”

அன்றைக்குப் பேருந்தில் அவள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். ‘ஐயோ, என்ன ஆச்சு எனக்கு?’ என்று கேட்டுக்கொண்டாள். என்ன ஆச்சு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் புகார் கொடுத்த அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்தார். வாசலிலேயே பேச ஆரம்பித்து நாற்காலியில் வந்து முடிக்கிற ரகம்.

“மேடம், என் தம்பி நாளைக்கு வர்றான். சாட்சி சொல்றானாம். இத்தனை நாளா மாட்டேன் மாட்டேன்னு மண்டையை ஆட்டிட்டு இருந்தவன், நேத்து சாப்பிடும்போது சொல்றான்... ‘அக்கா, உண்மையைச் சொல்ற ஆளுகிட்ட எவ்வளவு நாளைக்கு வாயை மூடிட்டு நிக்கிறது’ன்னு. யாரு அந்த ஆளுன்னு கேட்டா எழுந்து கை கழுவப் போயிட்டான். அவன் போக்கே சரியில்லை மேடம். சாம்பிளுக்குன்னு நான் கொடுத்த பெட்டியில ஒண்ணு அஞ்சு, ஒண்ணு ஆறுன்னு ஒரு கோணல் ஜோடியை வச்சுட்டுத் திருப்பித் தரமாட்டேங்கறான். தூக்கிப் போடுடான்னா முறைக்கிறான். அதோட மறுபாதி எந்த மகராசி கால்ல...”

பேச்சு நின்றது. கீழே விழுந்த பேனாவை எடுக்க அக்கா குனிந்திருந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. தன் கையால் வெட்டித் தைத்த செருப்பு அவருக்குத் தெரியாதா?

“அந்த... மகராசி... நீங்கதானா?”

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அக்கா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல், வந்த வேகத்தைவிட வேகமாகப் போய்விட்டார். கதவு மூடினபின் வெளியே அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

*

மறுநாள் காலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். இன்றைக்கு எழுந்து ‘ஈடுபாடு இல்லை’ என்று முணுமுணுத்தால் போதும். வழக்கு தன்னுடையதாகவே இருக்கும். ஆனால் என்றைக்காவது தெரியவந்தால் தீர்ப்பே ரத்தாகும். கடையைப் பணயம் வைத்துச் சாட்சி சொன்னவன் நடுத்தெருவில் நிற்பான். சொல்லிவிட்டாலோ, இத்தனை நாள் ஏங்கிக் கிடைத்த வழக்கு அந்த நிமிஷமே கைவிட்டுப் போகும். அத்தனை பேர் முன்னால் மானமும் போகும். அவன் சிரித்துவிட்டால்? ‘எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்’ என்று சொல்லிவிட்டால்?

விசாரணை அறைக்குள் நுழைந்ததும் முதல் அதிர்ச்சி. கம்பெனி வக்கீலின் பக்கத்தில், முழங்கால்களுக்கு நடுவே குடையோடு உட்கார்ந்திருந்தார் ஒருவர். காலில் அந்தப் பழுப்பு ஷூ! கடைசியில் வாங்கிவிட்டார் போல. ‘இவர்தானா... கம்பெனி ஆள் இவர்தானா!’ அன்றைக்கு நடந்தது எல்லாம் இவருக்குத் தெரியும். வக்கீலின் மேசையில் ஒரு துணிப்பை இருந்தது.

எதிர்ப்பக்கம் அவன். அயர்ன் மடிப்புக் கலையாத சட்டை. அவனும் குடைக்காரரைப் பார்த்துவிட்டான், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பிறகு அவன் பார்வை வழக்கம்போலத் தரையோடு நகர்ந்து அவள் மேசைக்கு அடியில் வந்து நின்றது. இடது ஆறு. வலது ஐந்து. இன்றைக்கு, இந்த அறையில், அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்...

ஆணையத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாள்களைப் புரட்டினார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். “ஈடுபாடு எதுவும் இல்லை.” “நன்றி, அடுத்து.” “ஈடுபாடு எதுவும் இல்லை.” “நன்றி, அடுத்து.”

அவள் எழுந்தாள்.

“ஈடுபாடு உண்டுங்க அம்மா.”

“நன்றி, அடுத்...” தலைவியின் கை தாளிலேயே நின்றது. “என்ன சொன்னீங்க?”

“தனிப்பட்ட ஈடுபாடு உண்டுன்னு சொன்னேன்.”

அந்த வாக்கியத்தை இப்படி யாரும் சொல்லி அந்த அறை கேட்டதே இல்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். இயக்குநர் அம்மா கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வாய்க்கும் மேசைக்கும் நடுவே பிடித்தபடி சிலையாகிவிட்டார்.

“கம்பெனியில பங்கு வச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க. ஈடுபாடு சாட்சியோட.”

“உறவுக்காரரா?”

“இல்லைங்க.”

“கொடுக்கல் வாங்கல் ஏதாவது?”

“ஒரு ஜோடி செருப்பு. வழக்கு எனக்கு வர்றதுக்கு முந்தின நாள் இரவலா வாங்கினேன். திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கிக்கல. அப்பவே இயக்குநர்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. ஆனா...” கண்ணை மூடிக்கொண்டாள். “ஈடுபாடு செருப்பு மேல இல்லைங்க. அவர் மேல. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு.”

பின்வரிசையில் அக்கா “ஆத்தாடி!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “அவருக்குத் தெரியுமா?”

“இப்பத்தான் தெரியும்.”

கம்பெனி வக்கீல் துணிப்பைக்குள் கையை விட்டபடியே எழுந்தார். “அம்மா, கடுமையான ஆட்சேபனை! இதைத்தான் நாங்க இன்னைக்கு...”

“எதுக்கு ஆட்சேபனை? நீங்க சொல்றதுக்கு முன்னாடி அவங்களே சொல்லி ஒதுங்கறாங்களே. உட்காருங்க.” தலைவி அவளைப் பார்த்தார். குரலில் கண்டிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. “இந்த வழக்குல இருந்து உங்களை விடுவிக்கிறேன். நீங்க செஞ்ச விசாரணை எல்லாத்தையும் வேற அதிகாரி மறுபடி செய்யட்டும். இன்னைக்குச் சாட்சியை நானே நேரடியா கேட்கிறேன். நீங்க வெளியே இருக்கலாம்.”

தன் முதல் வழக்கை மேசைமேல் வைத்துவிட்டு அவள் நடந்தாள். அவன் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது... அடக்கவில்லை, அழுதாள்.

கதவு அவளுக்குத்தான் மூடியது, நமக்கு இல்லை. உள்ளே வக்கீல் பையைக் கவிழ்த்தார். இடது ஐந்தும் வலது ஆறுமாக அந்தக் கோணல் ஜோடி மேசையில் விழுந்தது. குடைக்காரர் அன்றைக்குப் பார்த்ததை இத்தனை நாள் கைவசம் வைத்திருந்து, விசாரணைக்கு முந்தின நாள் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வந்து அவன் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. கடை போய்விட்டது என்று தெரிந்துதான் அவன் இன்று வந்திருந்தான். அக்காவுக்கும்கூட அது தெரியாது.

“ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டீங்களா இல்லையா?”

“போட்டேன்.”

“இதோட மறுபாதியை வாடிக்கையாளருக்குக் கொடுத்தீங்களா இல்லையா?”

“கொடுத்தேன்.”

“தெரிஞ்சே ஒப்பந்தத்தை மீறினீங்க!”

“தெரிஞ்சேதாங்க.” அவன் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “அவங்க கால்ல ரத்தம் வந்துச்சு. எங்க கம்பெனி செருப்பு கடிச்ச கால். கடையில நாலு சுவர் முழுக்கச் செருப்பு அடுக்கியிருக்கு. அந்தக் காலுக்குச் சேர்றது அதுல ஒண்ணுகூட இல்ல. சேர்ற செருப்பு இருந்த ஒரே பெட்டியை நான் திருடன் மாதிரி கல்லாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன். சொந்த அக்கா செஞ்ச செருப்பு. ஒப்பந்தம் என்ன பண்ணுதுன்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க அம்மா.”

குடைக்காரர் நாற்காலியில் நெளிந்தார். பழுப்பு ஷூவின் நுனியைத் தரையில் அழுத்திக் குதிகாலை மெல்ல வெளியே எடுத்தார்... அவருக்கும் கடிக்கிறது போல.

தலைவி எழுதிக்கொண்டே சொன்னார். “இந்த வழக்கு முடியற வரைக்கும் சாட்சி சொல்ற யாரோட கடையையும் கம்பெனி தொடக்கூடாது. இவர் கடையும் சேர்த்து. மத்த கடைக்காரங்களும் இனி தைரியமா வரலாம்.” நிமிர்ந்தார். “கடைசியா ஒரு கேள்வி, பதிவுக்காக. அந்த அதிகாரிக்கும் உங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?”

“இன்னைக்குக் காலை வரைக்கும் இல்லைங்க.”

“இப்போ?”

அவன் கதவைப் பார்த்தான். “அவங்க வெளியேதான் இருக்காங்க. ஒரு நிமிஷம் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லட்டுங்களா?”

அத்தனை பேரும் சிரித்ததில் தலைவியும் கண்ணாடியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார்.

*

கதவு திறக்கிற சத்தம் கேட்டு அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். அவன் வந்து எதிரே நின்றான். ஜன்னலுக்கு வெளியே, விட்ட மழையின் தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

“கடை?” என்றாள் முதலில்.

“இப்போதைக்கு இருக்கு. உங்க வழக்கு?”

“போயிடுச்சு.”

“வருத்தமா இருக்கா?”

“ரொம்ப...” மறைக்கவில்லை அவள். “நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சேன்.”

“மழை விட்டதும் கொண்டுவந்து கொடுங்கன்னு சொல்லியிருந்தேன். மழை விட்டுடுச்சு மேடம்.”

“கொடுக்க மாட்டேன்.”

“செருப்பைக் கேட்கல.”

சொன்னவன் கழுத்தை நிமிர்த்தினான். அன்றிலிருந்து இன்றுவரை அவளுடைய காலை மட்டுமே தெரிந்துவைத்திருந்தவன், முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அழுது சிவந்த கண்கள், இமையில் இன்னும் விழாத ஒரு துளி... அவன் பார்த்துக்கொண்டே நின்றான். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஜோடியைப் பிரிச்சுக் கொடுத்தேனே, அந்த நிமிஷத்துல இருந்து.”

கதவு மறுபடி திறந்தது. அக்காவின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

“டேய்! அங்க அந்தம்மா பேனாவைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. தொடர்பு உண்டா இல்லையான்னு எழுதணுமாம், சீக்கிரம் வந்து சொல்லு!”

அவன் அவளையே பார்த்துக்கொண்டு கேட்டான். “என்னன்னு சொல்லட்டும்?”

“உண்டுன்னு சொல்லுங்க.”